தைனாகி என்று ஒரு பாட்டி

எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போடும் சம்ப்ளானி அன்று அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் மாமியாரின் வேலை. வாழை இலையில் சோறு, ஆட்டுக்கறி, கோழிக்கறி, வடை, பாயசம். தாத்தா இலைக்கு மட்டும் ஒரு சின்ன டம்ளர் ரம்மும் ஒரு சிகரெட்டும். சாம்பிராணிப் புகை அறையை நிறைத்த பிறகு அத்தை இலைகளுக்கு முன்னால் நின்று, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று ஒவ்வொருவராக அழைப்பார். சம்ப்ளானி என்ற சொல்லே சாம்பிராணியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வரிசையில் கடைசியாக வருபவர் "மேமே தைனாகி". மேமே என்றால் இங்கே பாட்டி. அந்தப் பாட்டிக்குப் படம் கிடையாது. இலை மட்டும் உண்டு.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிழக்குக் கரையில் சேந்த்-ஆந்த்ரேயில் இருக்கிறோம். கரும்புத் தோட்டங்கள், புவா-ரூழ் சர்க்கரை ஆலை, ஊருக்குள்ளேயே பெரிய பெரிய கோயில்கள். பிழைப்புக்கு ஓர் அலுவலக வேலை, சனிக்கிழமை கோயில் சங்கத்தில் தமிழ் வகுப்பு. வீட்டில் இவர் குடும்பத்தார் எல்லோரும் கிரெயோல்தான் பேசுவார்கள். தமிழ் அவர்களிடம் பெயர்களாகவும், சாப்பாட்டுச் சொற்களாகவும், பூசாரி சொல்லும் மந்திரங்களாகவும் மிஞ்சியிருக்கிறது. அதனால் "இது தமிழ்ல என்ன?" என்று எதைக் கேட்டாலும் பதில் சொல்கிற ஆள் நான் என்று ஆகிவிட்டது. தெரியாததற்கும் பதில் சொல்லும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

வந்த புதிதில் "தைனாகின்னா என்ன?" என்று நாத்தனார் கேட்டபோது நான் ஒரு நொடி யோசித்துவிட்டு, "தாய்நாயகி. அம்மா, தலைவி" என்று சொல்லிவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனது. நாத்தனார் மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். பதினெட்டு வயதானதும் அவள் செய்த முதல் காரியம், மணிக்கட்டில் 'தாய்நாயகி' என்று தமிழில் பச்சை குத்திக்கொண்டது. எழுத்தைத் திருத்தமாக எழுதிக் கொடுத்ததும் நான்தான். கால் எங்கே, ஒற்று எங்கே என்று குத்துகிறவனுக்குப் பக்கத்தில் நின்று காட்டினேன்.

பெயர் அதுவே இல்லை என்பது எட்டு வருடம் கழித்துத் தெரிந்தது.

அவள் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள் வந்தாள். "தாந்தீன், பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. மேமே பேரைத்தான் வைக்கப்போறேன். பிரெஞ்சுல எப்படி எழுதறது?" தாந்தீன் என்றால் அத்தை, சித்தி எல்லாம். எழுத்துதானே என்று பேனாவை எடுத்தேன். பாட்டியின் பெயரைப் பழைய காகிதத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே, அதையே வைத்தால் குழந்தைக்கு ஒரு பெருமை என்று தோன்றியது. அங்கே ஆரம்பித்தது.

பழைய காகிதம் தேடுவது இங்கே பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகம் ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் இருக்கிறது. ரெயூனியனின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஊரையும் ஆண்டையும் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுத்த பெயர் அட்டவணையும் உண்டு, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். நான் அது தெரியாமல் மூன்று ராத்திரி முழுப் பதிவேட்டையும் புரட்டிக் கண் வலித்து உட்கார்ந்திருந்தேன். தீவின் தலைநகர் சேன்-தெனியில் ஷான்-ஃப்ளெரி பகுதியில் மாவட்ட ஆவணக் காப்பகம் இருக்கிறது. மஞ்சள் பேருந்தைப் பிடித்து ஒரு நாள் அங்கேயும் போனேன்.

இந்தத் தேடலில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது உதவும். 1848 டிசம்பர் 20-இல் இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புக்கு ஆள் வேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். 1861 ஜூலையில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் சட்டப்படி ஆள் எடுக்க முடிந்தது. கூலிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882-இல் பிரிட்டிஷ் தரப்பு அதை நிறுத்தியது. வந்து இறங்கியவர்களை லா கிராந்த் ஷாலூப் என்ற இடத்தில் தொற்றுநோய்க்காகத் தனிமையில் வைத்தார்கள். அந்தக் கட்டடங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண். பெயர் எழுத்தருக்கு எழுத்தர் மாறும், அந்த எண் மாறாது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அந்த எண் கிடைத்தால் பெயரைவிட அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு எண் தெரியாது. அத்தையின் தாத்தாவுடைய திருமணப் பதிவிலிருந்து பின்னால் பின்னால் போனேன். அந்தப் பாட்டி மூன்று காகிதங்களில் அகப்பட்டார். மூன்றிலும் மூன்று பெயர்.

இறப்புப் பதிவில் இருந்ததைத் தமிழில் எழுதினால் 'தெனாகி'. மகனுடைய திருமணப் பதிவில் 'தைநயாகி'. எல்லாவற்றிலும் பழையது மகனுடைய பிறப்புப் பதிவு. ஏதோ பூச்சி அரித்த ஓரம், வெளுத்த மை. அதில் எழுத்து எழுத்தாக இருந்தது இது: டி, ஏ, ஒய், ஏ, எல். அப்புறம் என், ஏ, ஒய், ஏ, ஜி, யூ, ஒய்.

அந்த 'எல்'லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தாயில் எங்கே 'ல்' இருக்கிறது?

தையல்நாயகி.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேறு யாருக்காவது இது புதுப் பெயராக இருக்கலாம். நான் காரைக்கால்காரி. தரங்கம்பாடி வழியாக வடக்கே போனால் சீர்காழிக்கு முன்னால் வைத்தீஸ்வரன் கோயில். எனக்கு முதல் மொட்டை போட்டதே அங்கேதான். அம்மன் பெயர் தையல்நாயகி. எங்கள் தெருவிலேயே ஒரு தையல்நாயகி அக்கா இருந்தார், நாங்கள் எல்லாம் 'தையல் மெஷின்' என்று கூப்பிட்டு அவரை அழவைத்திருக்கிறோம். இத்தனையும் வைத்துக்கொண்டு 'தைனாகி' காதில் விழுந்தபோது எனக்குத் தோன்றியது தாய்நாயகி!

பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அந்த எழுத்தர் தமிழ் தெரியாத பிரெஞ்சுக்காரர். அர்த்தம் தெரியாததால் காதில் விழுந்ததை அப்படியே எழுதினார். நான் அர்த்தம் தெரிந்தவள், அதனால் காதில் விழுந்ததை என் இஷ்டத்துக்குத் திருத்தினேன். பழைய பெயரைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டுப் பெரியவர்களை அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வேறு வேறு நாளில், வேறு வேறு ஆளிடம். அவர்கள் சொல்லும்போது குறுக்கே புகுந்து "ஓ, அதுவா" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னது மறுநாளிலிருந்து அவர்களுடைய நினைவாகவே மாறிவிடும். எங்கள் நாத்தனார் இன்றும் "எங்க பாட்டி எப்பவும் தாய்நாயகின்னுதான் சொல்லுவாங்க" என்று சத்தியம் செய்கிறார்.

ஒரு காகிதத்தில் இருக்கும் ஓர் எழுத்தை மட்டும் நம்பலாமா என்ற சந்தேகமும் இருந்தது. அத்தையிடம் போய் உட்கார்ந்தேன். பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் பாட்டி வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் மிளகு, இரண்டையும் துணியில் முடிந்து குழந்தையின் தலையைச் சுற்றி சாமி முன்னால் கொட்டுவார்களாம். ஏன் செவ்வாய்? "செவ்வாய்னா செவ்வாய்தான். மேமே காலத்துலேர்ந்து அப்படித்தான்."

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனவர்களுக்கு இது புரியும். புள்ளிருக்குவேளூர் என்று தேவாரம் பாடிய ஊர் அது. நோய் தீர்க்கும் வைத்தியநாதர், செவ்வாய்க்குரிய தலம், அங்காரகனுக்குத் தனிச் சந்நிதி. உப்பும் மிளகும் வாங்கிப் போடுவதும், சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பதும் அங்கே வழக்கம். வேறு ஊர்க் கோயில்களிலும் உப்பு மிளகு போடுகிறார்கள், ஆகவே இதை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க மாட்டேன். ஆனால் அந்த 'எல்'லும் இந்தச் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தபோது எனக்குப் போதுமாக இருந்தது.

தையல் என்றால் தைப்பதுதானே, சாமிக்கு எதற்குத் தையற்காரி என்று பெயர் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்விதான். பழந்தமிழில் தையல் என்றால் அழகு, அழகான பெண். ஔவையாரின் ஆத்திசூடியில் 'தையல்சொல் கேளேல்' என்று வருகிறதே, பெண் பேச்சைக் கேட்காதே என்று, அந்தத் தையல்தான். எனக்குப் பிடிக்காத வரி. பாரதிக்கும் பிடிக்கவில்லை போலிருக்கிறது, தன் புதிய ஆத்திசூடியில் 'தையலை உயர்வுசெய்' என்று எழுதினார். ஊசி நூல் வேலைக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல் என்றால், இரண்டுக்கும் நடுவில் அலங்காரம் என்ற பொருள் நிற்கிறது. துணியில் செய்யும் பூவேலைக்கும் தையல் என்று பெயர் உண்டு. ஆக தையல்நாயகி என்பது அழகே உருவான தலைவி. தைலநாயகி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். வைத்தியராக வந்த சிவனுக்குப் பக்கத்தில் அம்மன் தைலப் பாத்திரம் ஏந்தி நிற்பதாகத் தலபுராணம் சொல்வதால் வந்த இணைப்பு அது. சொல் வரலாறாகப் பார்த்தால் தையல்தான் முதல். நம்பிக்கையாகப் பார்த்தால் தைலமும் பொருந்தும். காய்ச்சல் குழந்தையை மடியில் வைத்திருப்பவளுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

சரி, இந்தப் பெயர் எவ்வளவு அரிது? பிரான்சில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. இன்சே என்ற தேசியப் புள்ளிவிவர நிறுவனம் 1900-லிருந்து பிறந்த குழந்தைகளுக்கு வைத்த பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது. மாவட்ட வாரியாகவும் பார்க்கலாம், ரெயூனியனின் எண் 974. பெயரை அடித்தால் எந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் என்று வரைபடம் போட்டுக் காட்டும். நான் தையல்நாயகியை எனக்குத் தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலிலும் அடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதற்காக யாரும் வைக்கவே இல்லை என்று அர்த்தமல்ல. மிகச் சிலருக்கு மட்டும் வைத்த பெயரை அந்தப் பட்டியல் தனியாகக் காட்டாது. 'அரிய பெயர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். அந்த மூட்டைக்குள் எத்தனை பாட்டிகள் கிடக்கிறார்களோ.

மூட்டை பெருத்ததற்கு எழுத்துக்கூட்டலும் ஒரு காரணம். ஒரே பெயரை ஐந்து வீட்டில் ஐந்து விதமாக எழுதினால் ஐந்தும் அரிய பெயர். சட்டம் இன்னொரு காரணம். பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியில் ஜெர்மினால் மாதம் 11 என்று தேதியிட்ட, அதாவது 1803 ஏப்ரல் 1-இன் சட்டம், நாட்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும்தான் குழந்தைக்கு வைக்கலாம் என்றது. 1966-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள். 1993 ஜனவரி 8-இன் சட்டம் வந்த பிறகுதான் பெற்றோர் விரும்பிய பெயரை வைக்க முடிந்தது. எங்கள் அத்தையின் காகிதப் பெயர் அவர் பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயர், தபால்காரர் வருடக் கடைசியில் கொண்டுவந்து கொடுக்கும் நாட்காட்டியில் இன்றும் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. கோயிலில் அவருக்கு வேறு பெயர். இந்தத் தீவின் தமிழ்க் குடும்பங்களில் அந்தத் தலைமுறையில் பலருக்கும் இப்படி இரண்டு பெயர். காகிதத்தில் ஒன்று, கற்பூரத்தின் முன் ஒன்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கப்பலில் வந்தவர்களுக்கு இருந்தது ஒரே பெயர். பிரெஞ்சுப் பதிவேட்டுக்கோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு வேண்டும். அதனால் வந்தவரின் சொந்தப் பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. ராமசாமி, முத்துசாமி எல்லாம் அப்படித்தான். பெண்களின் பெயர்களும் இதில் உறைந்தன. தந்தை பெயர் பதிவாகாத குழந்தைக்குத் தாயின் பெயர்தான் குடும்பப்பெயர். மினாச்சி என்றும் கனாகி என்றும் இங்கே குடும்பப்பெயர்கள் உண்டு. சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மீனாட்சியும் கனகியும் எட்டிப் பார்ப்பார்கள். லிவர்பூலுக்கு விளையாடிய கால்பந்து வீரர் ஃப்ளோரான் சினாமா-போங்கோல் இந்தத் தீவின் சேன்-பியேரில் பிறந்தவர். அவர் பெயரில் உள்ள சினாமாவை நான் முதல்முறை கேட்டபோது என் காதில் விழுந்தது சின்னம்மா. கோயில்களிலும் இந்தத் தேய்மானம் உண்டு. தீமிதித் திருவிழாவின் அம்மனை இங்கே பாந்தியாலே என்பார்கள், நம் பாஞ்சாலிதான். உங்கள் குடும்பப்பெயர் அர்த்தமில்லாமல் தோன்றினால் கடைசி எழுத்துகளைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒரு பெண் இருக்கலாம்.

நாத்தனார் மகளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. மணிக்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அப்போ நான் கையில யார் பேரைக் குத்தியிருக்கேன்?" என்றாள். "யாருமில்லை, நீயே தாயாகப்போறே, உன் பேருன்னு வெச்சுக்கோ" என்றேன். பச்சை அப்படியே இருக்கிறது. தமிழ் எழுத்தில் பச்சை குத்த ஆசைப்படுகிற பிள்ளைகள் இங்கே நிறைய. என்னிடம் எழுதிக் கேட்டு வருகிறவர்களை இப்போது நான் ஒரு மாதம் காக்க வைக்கிறேன்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். இதில்தான் பெயர் பிழைக்கும் அல்லது சாகும் என்று நான் சொல்வேன். நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு, இந்தியாவில் ஆங்கிலத்தில் எழுதுகிற எழுத்துகளை அப்படியே கொண்டுவந்து பிரெஞ்சுக்காரர் கையில் கொடுப்பது. ஜி-க்குப் பின்னால் ஐ வந்தால் பிரெஞ்சில் அது 'கி' ஆகாது, 'ழி'க்கும் 'ஜி'க்கும் நடுவில் ஓர் ஒலி வரும். நாயகி நயாழி ஆகிவிடுவாள். நடுவில் ஒரு யூ போட்டால்தான் 'கி'. பழைய எழுத்தர் போட்டிருந்தாரே, அதுதான். 'உ' வேண்டுமென்றால் ஓ, யூ இரண்டும் வேண்டும், அதனால்தான் இங்கே முத்து என்ற பெயரின் இரண்டு இடத்திலும் ஓ-யூ. ஏ-யும் ஒய்-யும் சேர்ந்து வந்தால் பல இடத்தில் 'ஏ' என்று படிப்பார்கள், தையல் தேயல் ஆகலாம். ஐ-யின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்தால் இரண்டு எழுத்தும் தனித்தனியாக ஒலிக்கும், 'தை' கிடைக்கும். ஆனால் அந்த இரட்டைப் புள்ளிக்கு ஆயுசு கம்மி. விமான டிக்கெட்டில் வராது, கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் வராது. புள்ளி விழுந்தாலும் பெயர் பெரிதாகக் கெடாத கூட்டலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரு சோதனை வைத்தோம். ஏழெட்டுக் கூட்டல்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, தமிழே தெரியாதவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். பேக்கரிப் பெண், பக்கத்து வீட்டு ஆசிரியர், குழந்தையின் அப்பா. அவன் காஃப்ர், அதாவது ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பத்துக் கிரெயோல் பையன், நல்ல பிள்ளை, எல்லாச் சீட்டையும் ஒரே மாதிரி படித்துக் குழப்பினான். பேக்கரிப் பெண் தப்பில்லாமல் படித்த சீட்டைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டோம். அதில் இரட்டைப் புள்ளியும் இருந்தது, ஜி-க்குப் பின் யூவும் இருந்தது.

நடுவில் இடைவெளி விடலாமா என்ற யோசனையும் வந்தது. வேண்டாம் என்றேன். இடைவெளி விட்டால் ஏதோ ஒரு கணினி ஒரு நாள் அதை இரண்டு பெயராக்கி, பாதியை விழுங்கிவிடும். எனக்கே நடந்திருக்கிறது, என் பெயரின் பின்பாதி ஓர் அட்டையில் காணாமல் போய், அதைத் திரும்பப் பெற நான்கு மாதம் அலைந்தேன்.

குழந்தை பிறந்த பிறகு நேரம் அதிகம் கிடையாது. பிறந்த ஊரின் நகராட்சியில் ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். அதனால் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை மருத்துவமனைப் பையிலேயே வைத்துக் கொடுத்தேன். வாயால் சொல்லி எழுத வைக்கவே கூடாது, பழைய பாட்டிக்கு நடந்தது அதுதானே. பிரெஞ்சு எழுத்துகளும் அவற்றின் வழக்கமான குறிகளும் மட்டுமே ஏற்கப்படும், தமிழ் எழுத்தில் பதிய முடியாது. பெயர் பிடிக்கவில்லை என்று எழுத்தர் மறுக்க முடியாது. குழந்தையின் நலனுக்கு எதிரானது என்று நினைத்தால் பதிந்துவிட்டு அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். முடிவு நீதிபதியுடையது. பெயர் நீளம், விசித்திரம் என்று கவுன்டரில் யாராவது முகம் சுளித்தால் அந்தச் சுளிப்புக்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை.

அப்படியும் தவறு நடந்தது. குழந்தையின் அப்பா காகிதத்தை நீட்டினான், எழுத்தர் பார்த்துப் பார்த்து அடித்தார், அச்சான வரைவை இவனிடம் கொடுத்தார். இவன் மூன்று நாளாகத் தூங்காதவன். கையெழுத்துப் போடப்போன நேரத்தில் பின்னால் நின்ற நாத்தனார் எட்டிப் பார்த்து, "எல் எங்கே?" என்று கத்தியிருக்கிறார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் தொலைந்த அதே எழுத்து! தாய்நாயகி என்று இன்னும் சாதிக்கிற அதே நாத்தனார்தான் அதைக் காப்பாற்றினார். எழுத்தர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். கையெழுத்துக்குப் பிறகு கண்டுபிடித்திருந்தால் தனி மனு, தனி அலைச்சல். தூங்கியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள்.

நீளமான அரிய பெயர் பள்ளியில் தொல்லை தருமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பிறப்புப் பதிவில் எத்தனை முதற்பெயர் இருந்தாலும் அதில் எதை வேண்டுமானாலும் புழக்கத்துக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. இவர்கள் தையல்நாயகியை முதலிலும், கிரெயோல் பாட்டியின் பெயரை இரண்டாவதாகவும் வைத்தார்கள். பிள்ளை வளர்ந்து எது பிடிக்கிறதோ அதைச் சொல்லிக்கொள்ளட்டும். 2016-லிருந்து பெயர் மாற்றத்துக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை, தகுந்த காரணம் காட்டி நகராட்சியிலேயே கேட்கலாம். காகிதத்தில் நாட்காட்டிப் பெயரோடு இருக்கும் பெரியவர்கள் சிலர் தங்கள் கோயில் பெயரைச் சேர்க்க இந்த வழியைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். அத்தையிடம் சொன்னேன். "இந்த வயசுல எனக்கெதுக்கு, சாமிக்குத் தெரியும் என் பேரு" என்றார்.

அத்தைக்கு வேறு கவலை. இறந்தவர் பெயரை உயிரோடு இருக்கும் குழந்தைக்கு வைத்துவிட்டார்களே, இனி சம்ப்ளானியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா? அங்கிருந்து பாட்டி வருவதற்குப் பதில் இங்கிருந்து குழந்தை போய்விடுமோ? எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. இந்த முறை தெரிந்த மாதிரியும் நடிக்கவில்லை. பூசாரியைக் கேட்டார், இன்னொரு கோயில் பூசாரியைக் கேட்டார், இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னார்கள். கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தார்.

போன சம்ப்ளானிக்குக் குழந்தைக்குப் பத்து மாதம். புகை போட்டாயிற்று, கற்பூரம் எரிந்தது. அத்தை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். கடைசி இலைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். "கப்பல்ல வந்த மேமே தைனாகி" என்றார், 'கப்பல்ல வந்த' என்பதைக் கொஞ்சம் அழுத்தி. அம்மாவின் மடியிலிருந்து நழுவிய குழந்தை தவழ்ந்து நேராக அந்த இலைக்குப் போய் வடையில் கை வைத்தது.

"உன்னை இல்லைடி" என்றார் அத்தை, கிரெயோலில். வடையைப் பிடுங்கவில்லை.